பதிவெண்ணா, நியமனக் கடிதமா?

நான்கு வயதாகியும் பேச்சு வராத குழந்தை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. மருத்துவர் பார்த்துவிட்டார், சோதனைகளும் முடிந்துவிட்டன. இனி அந்தக் குழந்தைக்கு அன்றாடம் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியர் வேண்டும். அவரை உருவாக்கவும், தகுதியானவர் என்று சான்று தரவும் இந்தியாவும் இலங்கையும் வெவ்வேறு வழிகளைப் பிடித்திருக்கின்றன. இந்தியாவில் பதிவெண் ஒருவரைச் சிறப்பாசிரியர் ஆக்குகிறது. இலங்கையில் நியமனக் கடிதம் ஆக்குகிறது. இரு நாட்டு முறைகளின் நிறைகுறைகள் பலவும் இந்த வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் 1992இல் நிறைவேறி, 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் கவுன்சில்தான் சிறப்புக் கல்விக்கான பாடத்திட்டங்களை வகுக்கிறது, பயிற்சி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருகிறது, தேர்ச்சி பெற்றவர்களை மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் சேர்க்கிறது. பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். அபராதத் தொகையைக் கேட்டு இன்று யாரும் பயப்படப் போவதில்லை. ஆனால் வேலைக்கு விண்ணப்பிக்கும் இடங்களில் முதலில் கேட்கப்படுவது பதிவெண்தான். அதையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் கருத்தரங்கு, பயிலரங்கு என்று போய்த் தொடர்கல்வி மதிப்பெண்களைச் சேர்த்திருக்க வேண்டும்.

பிளஸ் டூ முடித்தவர்கள் இரண்டாண்டு டி.எட். சிறப்புக் கல்விப் பட்டயத்தில் சேரலாம், பட்டதாரிகளுக்கு பி.எட். சிறப்புக் கல்வி. எதில் சேர்ந்தாலும் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, பார்வைக் குறைபாடு என ஏதாவது ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். கவுன்சில் வகுத்த படிப்புகளில் மழலைப் பருவத்துக்கென்றே அமைந்த ஓராண்டுப் பட்டயமும் உண்டு. ஆரம்பகால இடையீட்டில் முதுநிலைப் பட்டயம் படிக்க விரும்புபவர்கள் 1984இல் தொடங்கிய செகந்திராபாத் அறிவுசார் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்துக்கோ, 2005இல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் அமைந்த பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனத்துக்கோ போகலாம்.

பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பயிற்சி மாணவி தன் பாடக் குறிப்பேட்டில், 'குழந்தைக்குத் தானே சாப்பிடக் கற்றுத்தருவேன்' என்று எழுதினால் அது செல்லாது. யார், எதை, எந்தச் சூழலில், எவ்வளவு உதவியோடு, எத்தனை முறை என்பதெல்லாம் வரவேண்டும். 'தட்டில் பிட்டு வைத்த இட்லித் துண்டை, யாரும் கையைப் பிடிக்காமல், ஐந்து முறையில் நான்கு முறை எடுத்து வாயில் வைப்பான்' என்று எழுதினால்தான் அது குறிக்கோள். பிறகு அந்த ஒரு செயலைப் பார்ப்பது, கையை நீட்டுவது, விரலால் பற்றுவது, வாய்வரை கொண்டுபோவது என்று சிறுசிறு படிகளாக உடைக்க வேண்டும். சென்னை மதுரம் நாராயணன் மையம் 'உபநயன்' என்ற பெயரில் உருவாக்கிய பட்டியல், பச்சிளங் குழந்தையின் வளர்ச்சியை இயக்கம், தன்னுதவி, மொழி, அறிதல், பழகுதல் என ஐந்து துறைகளாகப் பிரித்து இதே வழியில் போகிறது. இந்தத் துல்லியம்தான் இந்தியப் பயிற்சியின் பலம்.

இலங்கையில் இதுபோலச் சிறப்பாசிரியர்களுக்கென்று தனிச் சட்டமோ பதிவேடோ இல்லை. அங்கே கதவு வேறு இடத்தில் திறக்கிறது. க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்தவர்கள் வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்துத் தேசிய கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். விசேட கல்வி அங்குள்ள நெறிகளில் ஒன்று. இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி, முடிவில் கற்பித்தலில் தேசிய டிப்ளோமா. அதன்பின் இலங்கை ஆசிரியர் சேவையில் நியமனம். இன்னொரு வகையினர் முதலில் சாதாரண ஆசிரியராகச் சேவைக்கு வந்து, விசேட கல்வி அலகுக்கு அனுப்பப்பட்ட பிறகு மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்திலோ நாவல திறந்த பல்கலைக்கழகத்திலோ படிக்கிறார்கள். கதிரை முதலில், சான்றிதழ் பிறகு.

அந்த அலகும் தனித்து நோக்கத்தக்கது. 1912இல் தொடங்கிய இரத்மலானை செவிப்புலன், விழிப்புலன் அற்றோர் பாடசாலை, 1956இல் கைதடியில் எழுந்த நஃபீல்ட் பாடசாலை, கோண்டாவில் சிவபூமி போன்ற தனிப் பாடசாலைகள் ஒருபுறம். 1960களின் பிற்பகுதியிலிருந்து சாதாரண அரசாங்கப் பாடசாலைக்குள்ளேயே ஓர் அறையை ஒதுக்கி விசேட அலகு நடத்தும் வழக்கம் மறுபுறம். அந்த அறையில் டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை, ஓட்டிசம் உள்ள பிள்ளை, கேட்டல் குறைந்த பிள்ளை எல்லாரும் ஒரே ஆசிரியையிடம் இருப்பார்கள். வயதும் ஒன்றாக இராது. ஒரு குறைபாட்டில் மட்டும் ஆழப் பயின்றவர் அங்கே திணறிப்போவார். பரந்த அடிப்படைப் பயிற்சியை இலங்கை விரும்புவதற்கு இது ஒரு காரணம். ஆனால் பரப்பு கூடும்போது ஆழம் குறையும். இட்லித் துண்டுக்கு எழுதிய அளவு நுட்பமான குறிக்கோளைப் பல பிள்ளைகளுக்குப் பல விதமாக எழுதி, வாராவாரம் பதிந்துவைக்க ஓர் ஆளால் முடியாது.

வேலைப் பாதுகாப்பில் நிலைமை தலைகீழ். இலங்கையின் அலகு ஆசிரியர் மற்ற ஆசிரியர்களைப்போலவே மாதச் சம்பளமும் ஓய்வூதிய உரிமையும் உள்ளவர். தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களிலிருந்து ஊர் ஊராகப் போய், வீட்டிலேயே முடங்கிய குழந்தைகளுக்கும் பாடம் சொல்லும் சிறப்புப் பயிற்றுநர்கள், பதிவெண் இருந்தும் தொகுப்பூதியத்தில் காலம் தள்ளுகிறார்கள். பணி நிரந்தரம் கேட்டுப் போராடுகிறார்கள். 2021 அக்டோபரில் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பேருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று விகிதம் சொன்னது. பணியிடங்களை உருவாக்கி அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது.

இத்தனை வேறுபாடுகளுக்கு நடுவே இரு நாடுகளும் ஒரே இடத்தில் கோட்டை விடுகின்றன. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில் தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வி உரிமையைப் பதினெட்டு வயதுவரை நீட்டினாலும் அதன் தொடக்கமும் ஆறுதான். இலங்கையின் கட்டாயக் கல்வி ஐந்து வயதில் ஆரம்பிக்கிறது. மூளை மிக வேகமாக வளரும், பயிற்சிக்கு மிக நன்றாக வசப்படும் வயது இவற்றுக்கு முன்பே கடந்துவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தை இந்தியாவில் அங்கன்வாடிக்குப் போகிறது. அங்குள்ள பணியாளர் ஆர்.சி.ஐ. பதிவேட்டில் இருக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறை 2023 நவம்பரில்தான் வந்தது. இலங்கையில் முன்பள்ளி மாகாண சபையின் பொறுப்பு; பெரும்பாலும் தனியாரும் சமய நிறுவனங்களும் நடத்துபவை. முன்பள்ளி ஆசிரியை ஆசிரியர் சேவைக்குள் வராதவர். பெற்றோர் கட்டும் பணத்தையும் சிறு கொடுப்பனவையும் நம்பியிருப்பவர். பிள்ளையின் தாமதத்தை முதலில் கவனிக்கக்கூடியவரும் அவர்தான்.

இந்த இடைவெளியைத் தமிழ்நாட்டில் ஓரளவு நிரப்பியவை தொண்டு நிறுவனங்கள். 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே சேர்த்து, பெற்றோரையும் வகுப்பில் உட்காரவைத்து, ஐந்து வயதுக்குள் பொதுப் பள்ளிக்குத் தயார்செய்கிறது; ஆசிரியப் பயிற்சியும் தருகிறது. ஆய்க்குடி அமர் சேவா சங்கம் கிராமத்துப் பெண்களைப் பழக்கி வீடுகளுக்கே இடையீட்டைக் கொண்டுபோகிறது. இலங்கையில் இதற்கு ஈடான வலு சுகாதாரத் துறையில் இருக்கிறது. வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர், பிறந்தது முதல் ஒவ்வொரு பிள்ளையின் வளர்ச்சியையும் பதிவேட்டில் குறித்துவருகிறார். குறை கண்டுபிடிக்கப்படுகிறது, அதற்கடுத்து அனுப்பிவைக்க ஆசிரியர்தான் இல்லை.

ஆகவே கொடுக்கல் வாங்கலுக்கு இடமிருக்கிறது. முன்பள்ளி ஆசிரியைகளும் படித்துச் சேரக்கூடிய ஒரு பதிவேட்டையும், மழலைப் பருவத்துக்கான ஓராண்டுப் பட்டயத்தையும் இலங்கை இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். பயிற்சி முடித்தவரை அப்படியே நிரந்தர சேவைக்குள் அழைத்துக்கொள்ளும் வழக்கத்தை இந்தியா இலங்கையிடமிருந்து கற்கலாம். வெளிநாட்டுத் தகுதிகளைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்வது குறித்துப் பிற நாட்டு அமைப்புகளோடு பேச ஆர்.சி.ஐ. சட்டமே இடம் தருகிறது. தமிழ்வழிப் பாடநூலும் மதிப்பீட்டுப் பட்டியலும் இரு கரைக்கும் பொதுவாகப் பயன்படும். ஆனால் எந்த ஒப்பந்தத்துக்கும் முன்னால் ஒன்று நடக்க வேண்டும்: மூன்று வயதுக் குழந்தைக்குச் சிறப்பாசிரியர் ஒரு சலுகை என்ற நிலை மாறி, அது உரிமை என்று இரு நாட்டுச் சட்டங்களும் எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதிவிட்டால், பதிவெண்ணும் பணியிடமும் உருவாக்கும் கடமையிலிருந்து எந்த அரசும் நழுவ முடியாது.