ஒப்புக்கொண்டவர் தோற்கவில்லை

தொலைக்காட்சி வழக்காடு மன்றத்தில் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நெடுஞ்செழியனைக் கூண்டில் ஏற்றிய மறுநாள், சமயநல்லூர் டீக்கடையில் எல்லாரும் ஒரே தீர்ப்பைச் சொன்னார்கள்: வழக்கை மறுக்க வந்தவர் எடுத்த எடுப்பிலேயே சரணடைந்துவிட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. சமீபத்தில் நான் பார்த்தவற்றிலேயே துணிச்சலான ஆட்டம் அவருடையது.

பொற்கொல்லன் பேச்சை நம்பி, விசாரிக்காமலே கோவலனைக் கொல்லச் சொன்னான் அரசன் என்று வழக்குத் தொடுத்தவர் முழங்கிவிட்டு அமர்ந்தார். கைத்தட்டல் அடங்குமுன் இவர் எழுந்தார். "ஆமாம், விசாரிக்கவில்லை. அது குற்றம்தான்." நடுவரே நிமிர்ந்து பார்த்தார்.

நம் பேச்சாளர்கள் அந்த இடத்தில் மழுப்புவார்கள். அரசியின் ஊடல் தீர்க்கும் அவசரம் என்பார்கள், காவலர்மேல் பழி போடுவார்கள். எதிராளி ஒவ்வொன்றாக உடைக்க உடைக்க நேரம் தீர்ந்துபோகும். இவரோ, எதிராளி அடுத்த சுற்றுக்குச் சேர்த்து வைத்திருந்த சான்றுகளை எல்லாம் ஒரே வரியில் செல்லாக்காசாக்கினார். ஒப்புக்கொண்ட குற்றத்தை எத்தனை முறை நிரூபிப்பது? பக்கத்து அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு பார்த்தவர்களுக்குத் தெரியும், காளையின் முதல் வேகத்தோடு மல்லுக்கு நிற்பவன் திமிலைத் தொடுவதே இல்லை.

அதன் பிறகுதான் வழக்குரை காதைக்கு வந்தார். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் தானாகவே சொல்கிறான். கோவலனிடம் எடுத்த சிலம்பையும் வரவழைத்து அவள் முன் வைக்கிறான். "சொல்லாமல் இருந்திருந்தால்?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். சிலம்பு அரண்மனைக்குள்ளேயே கிடந்திருக்கும். அந்தப் பெண்ணை உள்ளே விடாதே என்று வாயிலோனிடம் ஒரு வார்த்தை சொன்னாலே போதும். மதுரை எரிந்திருக்காது, கோவலன் என்றைக்கும் கள்வனாகவே இருந்திருப்பான். நடக்காத அந்த வரலாற்றை விரித்துக் காட்டியபோது, கூண்டில் நின்ற அரசன் வேறு ஆளாகத் தெரிந்தான். தனக்கு எதிரான சான்றைத் தானே எடுத்து வைத்தவனுக்காகப் பேச வந்தவர், அவன் செய்ததையே தானும் செய்தார். இதையா சரணாகதி என்கிறார்கள்?

காரைக்குடியில் 1939இல் தொடங்கிய கம்பன் கழகமும் அதன் வழிவந்த மேடைகளும் வளர்த்த ரசிகர்களுக்கு இது பிடிபடும். வாலிமேல் மறைந்து நின்று அம்பு விட்ட இராமனுக்காக எத்தனையோ பேர் வாதாடிவிட்டார்கள். அம்பு விட்ட விதம் தவறு என்று முதலில் சொன்னவரே வாலியின் கடைசி மனமாற்றம்வரை நிதானமாகப் போக முடியும். கோயில் திருவிழா மேடையில் அதற்கு அரைமணி நேரம் கிடைக்கும். தொலைக்காட்சியில் அந்த நிதானத்தைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

வரும் பொங்கலுக்குள் இவரைப் பார்த்து நாலு பேர் ஒப்புக்கொண்டே பேச்சைத் தொடங்குவார்கள். பாதிப் பேர் அதற்கு அப்புறம் போக்கிடம் இல்லாமல் தவிப்பார்கள். இவருக்கும் நெருக்கடி வரும், கொற்கையிலிருந்து வரும். நெடுஞ்செழியனுக்குப் பின் அங்கிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான் என்கிறது சிலப்பதிகாரம். ஒருவனை விசாரிக்காமல் கொன்ற குலம், திருந்தியதாகச் சொல்லிக்கொண்டே ஆயிரம் பேரை விசாரிக்காமல் கொன்றது. எதிரணியில் யாரும் இன்னும் இதைக் கையில் எடுக்கவில்லை. அடுத்த முறை எடுப்பார்கள்.

அப்போது இவர் என்ன செய்வார்? அவர்கள் வாய் திறக்குமுன், முதல் இரண்டு நிமிடத்திலேயே, கொற்கையை இவரே சொல்லிவிடுவார் என்பது என் கணிப்பு.