ஏ, பி, சி ஒரு பக்கம், பி.எல்., எம்.என்., எஸ்.எல். மறுபக்கம்: அரசுப் பணிகளை இந்தியாவும் இலங்கையும் வகுக்கும் விதம்

விழுப்புரம் மாவட்டத்துக் கிராம நிர்வாக அலுவலரும் கிளிநொச்சி மாவட்டத்துக் கிராம உத்தியோகத்தரும் பார்ப்பது ஏறத்தாழ ஒரே வேலை. ஊர்மக்கள் கேட்கும் சான்றிதழ்களுக்கு முதல் விசாரணை அவர்களுடையது. வெள்ளம் வந்தால் வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்பதும் அவர்கள்தான். இருவரின் பதவியும் பழைய ஊர் அதிகாரத்தை ஒழித்துப் பிறந்தது. இலங்கையில் 1963இல் விதானைமார் முறை போய்க் கிராம சேவகர் (இன்றைய கிராம உத்தியோகத்தர்) வந்தார். தமிழ்நாட்டில் 1980இல் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

வேலை இவ்வளவு ஒத்திருந்தும், அரசு இவர்களை அடையாளப்படுத்தும் விதம் வேறு. தமிழ்நாட்டில் இவர் 'குரூப் ஃபோர்' எழுதி வந்தவர். இலங்கையில் அவர் 'எம்.என்.' சம்பளக் குறியீட்டுக்குள் வருபவர். முதல் பெயர் அவர் எழுதிய தேர்வைச் சொல்கிறது. இரண்டாவது, அவர் பார்க்கும் வேலையின் வகையைச் சொல்கிறது. ஊழியரின் சம்பளம், உயர்வு, மதிப்பு, சில வேளைகளில் பிள்ளைகளின் எதிர்காலம்கூட இந்த வேறுபாட்டோடு பிணைந்திருப்பதால் இதைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

இரண்டு முறைகளுக்கும் வேர் ஆங்கிலேயர் ஆட்சிதான். இந்தியாவில் 1886-87இல் கூடிய ஏட்சிசன் ஆணையம் பணிகளை ஏகாதிபத்தியப் பணி, மாகாணப் பணி, கீழ்நிலைப் பணி என்று பிரித்தது. சுதந்திரத்தை ஒட்டி அமைந்த முதல் ஊதியக் குழுவின் காலத்திலிருந்து ஒன்று முதல் நான்கு வரையிலான வகுப்புகள் நிலைபெற்றன. 1970களில் அவையே ஏ, பி, சி, டி பிரிவுகளாயின. இலங்கையில் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கென உருவான சிவில் சேவை 1963 மே 1 அன்று முடிவுக்கு வந்து, நிர்வாக சேவை அதன் இடத்தைப் பிடித்தது. அடித்தட்டு, நடுத்தட்டு, மேல்தட்டு என்ற படிநிலை மட்டும் இரு நாடுகளிலும் பெயர் மாறித் தொடர்ந்தது.

இந்திய மத்திய அரசில் இன்று பிரிவைத் தீர்மானிப்பது ஊதிய நிலைதான். ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணைப்படி நிலை 1 முதல் 5 வரை சி பிரிவு, 6 முதல் 9 வரை பி பிரிவு, 10 முதல் மேலே ஏ பிரிவு. மருத்துவமனைச் செவிலியரா, கணக்கரா, ஆய்வாளரா என்பதை அந்த எழுத்து சொல்லாது. எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்பதை மட்டுமே சொல்லும்.

தமிழ்நாட்டில் இன்னொரு அடுக்கும் உண்டு. அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தொகுதி (குரூப்) 1, 2, 2ஏ, 4 என்பவை தேர்வுகளின் பெயர்கள். தொகுதி 1 எழுதியவர் துணை ஆட்சியராகவோ காவல் துணைக் கண்காணிப்பாளராகவோ ஆகலாம். தொகுதி 4 எழுதியவர் கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், வரித்தண்டலர் என எதுவாகவும் ஆகலாம். கலந்தாய்வில் தரவரிசைப்படி முன்னால் இருப்பவர் தேர்ந்தெடுக்க, மிஞ்சியது பின்னால் இருப்பவருக்கு. ஊரோடு பழகி நிலப் பதிவேட்டைக் காக்க வேண்டிய வேலைக்கும், அலுவலகத்தில் கோப்பு நகர்த்தும் வேலைக்கும் ஒரே வினாத்தாள்.

இலங்கையின் இன்றைய வகைப்பாடு 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க அரச நிருவாகச் சுற்றறிக்கையில் தொடங்குகிறது. அது பணிகளை ஆரம்ப மட்டம், இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, சிரேஷ்ட மட்டம் என நான்காக அடுக்கியது. அதோடு தொழில் வகையைக் காட்டும் சம்பளக் குறியீடுகளையும் கொடுத்தது. அலுவலகப் பணியாளர், சாரதி போன்றோர் பி.எல். அதற்குள்ளும் பயிற்சி வேண்டாத பணி, ஓரளவு பயிற்சி வேண்டும் பணி, முழுப் பயிற்சி வேண்டும் பணி என மூன்று எண்கள் உண்டு. முகாமைத்துவ உத்தியோகத்தர்கள் எம்.என்., தாதியர் உள்ளிட்ட சுகாதாரப் பணியாளர்கள் எம்.டி., ஆசிரியர்கள் ஜி.இ., பொலிஸார் ஆர்.எஸ். என்று வருகிறார்கள். நிர்வாக சேவை அதிகாரியும் பொறியியலாளரும் எஸ்.எல். 1 என்ற ஒரே படியில் பணியைத் தொடங்குகிறார்கள். குறியீட்டைப் பார்த்ததுமே அவர் எந்தத் தொழிலில், எந்த உயரத்தில் இருக்கிறார் என்ற இரண்டும் தெரிந்துவிடும்.

படிகளுக்கு இடையிலான தூரத்திலும் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. இலங்கையின் 2016ஆம் ஆண்டுச் சம்பளத் திட்டத்தில் பி.எல். 1 தொடக்க அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாய், எஸ்.எல். 1 தொடக்கம் 47,615 ரூபாயாக இருந்தன. அதாவது ஏறக்குறைய இருமடங்கு. இந்திய மத்திய அரசில் கடைநிலைத் தொடக்கம் 18,000 ரூபாய், ஏ பிரிவின் தொடக்கம் 56,100 ரூபாய். இது மூன்று மடங்குக்கும் மேல். தமிழ்நாட்டில் அலுவலக உதவியாளருக்கு 15,700, துணை ஆட்சியருக்கு 56,100 எனும்போது இடைவெளி மூன்றரை மடங்கைத் தொடுகிறது. விலைவாசிக்காகத் தரும் படியிலும் இதே போக்குதான். இந்தியாவில் அகவிலைப்படி அடிப்படை ஊதியத்தின் சதவீதம் என்பதால், மேலே இருப்பவருக்கு அதிகமாகப் போய் இடைவெளி அப்படியே நிற்கிறது. இலங்கையில் வாழ்க்கைச் செலவுப் படி எல்லோருக்கும் ஒரே தொகை. அரிசி விலை ஏறினால் அலுவலகப் பணியாளர் வீட்டிலும் செயலாளர் வீட்டிலும் கூடுதல் செலவு ஒன்றுதானே. இந்த அளவில் இலங்கையின் முறை நியாயமானது.

இந்தியாவில் ஏ, பி, சி என்ற அந்தப் பிரிவு எழுத்து ஊழியரின் வாழ்நாளையும் தாண்டிச் செல்கிறது. மத்திய அரசு ஊழியர் குழுக் காப்பீட்டுத் திட்டத்தில் 1990இல் வகுத்த கணக்குப்படி, பணியில் இருக்கும்போது இறக்கும் ஏ பிரிவு அலுவலரின் குடும்பத்துக்கான காப்பீடு 1,20,000 ரூபாய், பி பிரிவுக்கு 60,000, சி பிரிவுக்கு 30,000. மாதச் சந்தாவும் 120, 60, 30 என அதே விகிதத்தில்தான் இருக்கிறது. ஆனால் சி பிரிவு ஊழியர் ஒருவர் 120 ரூபாய் கட்ட முன்வந்தாலும் அந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது.

இதர பிற்படுத்தப்பட்டோருக்கான மத்திய அரசு இடஒதுக்கீட்டில் வளமான பிரிவினரை விலக்க 1993இல் வந்த விதியும் இந்தப் பிரிவுகளையே பிடித்துக்கொண்டிருக்கிறது. பெற்றோரில் ஒருவர் நேரடி நியமனத்தில் ஏ பிரிவில் இருந்தாலோ, இருவரும் பி பிரிவில் இருந்தாலோ பிள்ளைக்கு ஒதுக்கீடு இல்லை. வசதி வந்தவர் விலகி நிற்க வேண்டும் என்ற நோக்கம் சரியானதே. எனினும் பல்லாண்டு பணி செய்த சி பிரிவு ஊழியரின் ஊதியம், புதிதாகச் சேர்ந்த ஏ பிரிவு அலுவலரின் ஊதியத்தைத் தாண்டியிருக்கலாம். அப்போதும் கணக்கில் வருவது எழுத்துதான், ஊதியமல்ல. தமிழ்நாடு தன் 69 சதவீத ஒதுக்கீட்டில் இந்த விலக்கை ஏற்காததால் இங்கே மாநிலப் பணிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இலங்கையும் மட்டங்களின் சலுகையிலிருந்து விடுபட்டதில்லை. வரிச்சலுகையோடு வாகனம் இறக்குமதி செய்யும் அனுமதிப்பத்திரம் சிரேஷ்ட மட்டத்தின் தனிச் சலுகையாகப் பல காலம் இருந்தது. அங்கே வேறொரு குறையும் உண்டு. வேலையற்ற பட்டதாரிகளுக்கு இடம் கொடுப்பதற்காகவே அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவிகள் பெருமளவில் நிரப்பப்பட்டன. சம்பளக் குறியீடு கைக்கு வந்தது. செய்ய வேண்டிய பணி எது என்பது பல அலுவலகங்களில் தெளிவாகவே இல்லை. வகைப்பாடு எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், பணி இல்லாத இடத்தில் அது வெறும் குறியீடாகவே நிற்கும்.

கடைப்படி ஊழியர்களை இரு நாடுகளும் நடத்திய விதம் நேர் எதிரானது. இந்தியா 2008இல் ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஏற்று டி பிரிவை ஒழித்தது. இருந்தவர்களுக்குப் பயிற்சி அளித்துச் சி பிரிவுக்கு உயர்த்தி, பன்முகப் பணியாளர் என்ற பதவியைத் தந்தது. கடைநிலை என்ற முத்திரை போனது நல்ல செயல். அதே காலத்தில் துப்புரவு, காவல் போன்ற வேலைகள் ஒப்பந்தக்காரர்களிடம் போய்க்கொண்டிருந்தன. அங்கே வேலை செய்கிறவர் எந்தப் பிரிவிலும் இல்லை. அரசு ஊழியருக்கான ஓய்வூதியம், குழுக் காப்பீடு எதுவும் அவருக்கில்லை. தமிழ்நாட்டில் சத்துணவு ஊழியரும் அங்கன்வாடி ஊழியரும் வழக்கமான கால முறை ஊதியத்துக்கு வெளியே சிறப்புக் கால முறை ஊதியத்தில்தான் இருக்கிறார்கள்.

இலங்கை 2020இல் இதற்கு மாறான வழியில் போனது. வறுமைப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, கல்வித் தகுதி குறைந்த ஒரு இலட்சம் பேருக்கு வேலை என்று அறிவித்துப் பல்நோக்கு அபிவிருத்திச் செயலணியை அமைத்தது. அடித்தட்டு மனிதர் அரச சேவைக்குள் வரும் கதவைத் திறந்தது அது. ஆனால் கருவூலத்தின் நிலை பார்க்காமல் திறந்த கதவு. இரண்டே ஆண்டுகளில் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது.

மேலே ஏறும் வழியை இலங்கை தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு சேவைக்கும் வர்த்தமானியில் வெளியாகும் சேவைப் பிரமாணக் குறிப்பு உண்டு. தரம் மூன்றிலிருந்து இரண்டுக்கும் ஒன்றுக்கும் எத்தனை ஆண்டு, எந்த வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சை என எல்லாம் அதில் இருக்கும். மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை எழுதி முகாமைத்துவ உத்தியோகத்தர் ஒருவர் நிர்வாக சேவைக்குப் போகவும் வழியிருக்கிறது. இந்தியாவில் மத்திய ஊழியருக்கு 10, 20, 30 ஆண்டுகளிலும், தமிழ்நாட்டில் 10, 20 ஆண்டுகளில் தேர்வுநிலை, சிறப்புநிலை என்றும் ஊதியம் உயர்கிறது. வேலை அதே வேலைதான். சம்பளப் பட்டியலில் உயர்ந்தும் மேசை மாறாதவர்கள் ஏராளம்.

வேலையின் வகையைச் சொல்லும் குறியீடு, சுருக்கமான ஊதிய இடைவெளி, எல்லோருக்கும் ஒரே வாழ்க்கைச் செலவுப் படி, தெளிவாக எழுதி வைத்த உயர்வு வழி ஆகிய நான்கையும் இந்தியா இலங்கையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கடைநிலை என்ற படியையே ஒழிக்கும் துணிவை இலங்கை இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். பணி இல்லாமல் பதவி உருவாக்கும் வழக்கத்தையும் அது கைவிட வேண்டும்.

எட்டாவது ஊதியக் குழுவை அமைக்க இந்திய அரசு 2025 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. ஊழியர் சங்கங்கள் அதன் முன் ஊதிய உயர்வு விகிதத்தை மட்டும் வாதாடினால் போதாது. எழுத்துக்கேற்ற காப்பீட்டை ஒழித்து ஒரே தொகையாக்கக் கேட்க வேண்டும். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளரையும் ஏதேனும் ஒரு பிரிவுக்குள் கொண்டுவரக் கேட்க வேண்டும். பிரிவுக்கு உள்ளே இருப்பவர்கள் வெளியே நிற்பவருக்காகப் பேசாவிட்டால், அந்தக் குழுவின் முன் அவருக்காகப் பேச வேறு யாரும் இல்லை.