நூலகர் ஆவதற்கு ஒரு பட்டம்

ஏதேனும் ஒரு துறையில் பட்டம் பெற்றவர் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ நூலகராக வேண்டுமானால், அதன் பின்னரும் நூலகவியலில் தனியே பயின்று தேர்ந்தாக வேண்டும் என்பது இன்று நம் நாட்டில் மறுப்பாரற்ற நியதியாகிவிட்டது. புத்தகம் எடுத்துக் கொடுப்பதற்கு மேற்படிப்பு எதற்கு என்று பரிகசிப்போருக்கு விடை சொல்வது சுலபம். அந்தப் படிப்பு தான் ஏற்ற காரியத்தை நிறைவேற்றுகிறதா என்று பார்ப்பதுதான் கடினம்.

நம்மிடையே இக்கல்விக்கு மூலபுருஷர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்துக்கொண்டிருந்த அவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவியை ஏற்று, லண்டன் சென்று பயின்று, திரும்பிய பின் தாம் கற்றதைப் பிறருக்குக் கற்பிக்கவும் முற்பட்டார். சென்னை நூலகச் சங்கத்தின் ஆதரவில் 1929-ல் தொடங்கிய பயிற்சி வகுப்பைப் பல்கலைக்கழகம் 1931-ல் தனதாக்கிக்கொண்டது. 1937-ல் அது ஓராண்டு டிப்ளமாவாக வளர்ந்தது.

இக்கல்வியின் பெருஞ்சிறப்பு பகுப்பு சாஸ்திரத்தில் இருக்கிறது. நெற்பயிருக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டூயியின் தசாம்ச முறையில் பயிர் நோய்களுக்குப் பொதுவாக 632 என்ற எண்ணும், நெல்லுக்கு 633.18 என்ற எண்ணும் உண்டு. நூல் எங்கே போய் அமர்வது? குறிப்பிட்ட பயிரின் நோய் அந்தப் பயிரோடேயே சேர வேண்டும் என்ற விதியைக் கற்றவன், நெல்லைப் பற்றித் தேடி வருபவனை இரண்டு அலமாரிகளுக்கிடையே அலைய விடமாட்டான். ரங்கநாதனோ 1933-ல் வெளியிட்ட கோலன் பகுப்பில் இன்னும் ஆழமாகச் சென்றார். ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்று பின்னர் அவர் வகுத்துரைத்த ஐந்து கூறுகளைக் கொண்டு எவ்விஷயத்தையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம், ஒருமுறை மனத்தில் படிந்துவிட்டால், நூலகத்துக்கு வெளியிலும் பிரயோஜனப்படும் அறிவுப்பயிற்சியாகும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் இந்தச் சாஸ்திரத்தை நாம் பரீட்சிக்கும் விதம் விசித்திரமானது. செய்முறைத் தேர்வு என்ற பெயரில் மாணவன் கைக்கு வருவது புத்தகமன்று; வினாத்தாளில் அச்சிட்ட தலைப்புகளின் வரிசையே. முன்னுரையைப் புரட்டவும், பொருளடக்கத்தைப் பார்க்கவும், ஆசிரியரின் நோக்கத்தை ஊகிக்கவும் அங்கே இடமில்லை. தலைப்பை மட்டுமே நம்பிப் பழகியவர் ‘செம்மீன்’ என்பதைக் கண்டு தகழியின் நாவலை மீன்வளத்தில் கொண்டுபோய் வைத்தால் நாம் யாரை நோவது? நூலை வாசகனிடம் சேர்ப்பதே நூலகனின் தர்மம் என்று 1931-ல் ஐந்து விதிகளை வெளியிட்டார் ரங்கநாதன். அவற்றை வரிசை பிசகாமல் எழுதி மதிப்பெண் பெற்ற பட்டதாரி, படிப்புக் காலம் முழுதும் வாசகன் ஒருவனுடைய கேள்வியைக்கூட எதிர்கொள்ளாமலேயே வெளிவந்துவிடக்கூடும்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பௌதிகமோ சரித்திரமோ கற்று வந்தவர் நூலகவியலில் நுழைந்ததும், முன்பு கற்றதை வாசலிலேயே இறக்கி வைத்துவிடுகிறார். அதைத் தொடர்ந்து வளர்த்துக்கொள்ளப் பாடத்திட்டம் அவரைத் தூண்டுவதில்லை. கணிதத்தில் தோய்ந்த ஒருவர் வகுத்தமையால்தான் கோலன் முறைக்கு அத்தகைய தர்க்கக் கட்டுக்கோப்பு அமைந்தது என்பதை நினைக்கும்போது இந்தப் பாராமுகம் வியப்பளிக்கிறது. ரசாயன ஆராய்ச்சியாளர் ஒருவர் தமக்கு வேண்டிய கட்டுரையைத் தேடி வரும்போது, நூலகருக்குச் சிறிதேனும் ரசாயன ஞானம் இருந்தால்தான் அவர் கேட்பதற்கும் அவருக்கு உண்மையில் வேண்டியதற்கும் உள்ள வேற்றுமை புலப்படும்.

படிப்பை நீக்கிவிடலாம் என்பார் பக்கத்தில் நான் இல்லை. பயிற்சியற்ற சிரத்தை எத்தனை நூலகங்களைக் குப்பைக் கிடங்காக்கியிருக்கிறது என்பது எல்லோரும் கண்டதே. சேர்க்கைக்கு முன் சில மாதங்களாவது ஒரு பொது நூலகத்தில் பணியாற்றி வந்தவருக்கு முன்னுரிமை தரலாம். முதற்பட்டம் பெற்ற துறையிலேயே ஒரு நூற்பட்டியல் தயாரிப்பதைக் கட்டாயமாக்கலாம். செய்முறைத் தேர்வு நாளன்று மாணவன் முன் பத்துப் புத்தகங்களை மேசையில் பரப்பி வைப்பதற்குப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய செலவொன்றும் ஆகிவிடாது.