‘பதிலாக’வா, ‘உடன்’ஆ? ஒரு நிறுவல் வழிகாட்டியைப் படித்தபோது



சிறுகதை, கவிதை, நாடகம் என்று திறனாய்வு எழுதிப் பழகியவர்கள் நாம். இந்த முறை நான் எடுத்துக்கொண்டது ஒரு கணினி வழிகாட்டி. உபுண்டு இயங்குதளத்தில் பைத்தான் மொழியின் புதிய பதிப்பை நிறுவுவது எப்படி என்று தமிழில் சொல்லும் ஒரு பக்கக் குறிப்பு அது. இதையெல்லாம் திறனாய்வு செய்யணுமா என்று கேட்பீர்கள். செய்யணும். மோசமான கவிதையைப் படித்தால் பத்து நிமிடம் வீண். மோசமான வழிகாட்டியை நம்பினால் கணினியே முடங்கிவிடும்.

நடந்தது இதுதான். என்னிடம் தமிழ் படிக்கும் உயர்நிலை நான்கு மாணவர் ஒருவர் கணிமைப் பாடமும் எடுத்திருக்கிறார். சொல்லில் உள்ள எழுத்துகளை எண்ணும் சிறு நிரல் ஒன்றைப் பள்ளியில் எழுதினார். அங்கே இருந்தது பைத்தான் 3.12. வீட்டில் இருந்ததோ உபுண்டு 22.04 போட்ட பழைய மடிக்கணினி. அதனுடன் வருவது பைத்தான் 3.10. பள்ளியில் ஓடிய நிரல் வீட்டில் தொடரியல் பிழை என்று நின்றுவிட்டது. உடனே ஒரு வழிகாட்டியைத் தேடி எடுத்து, அதிலிருந்த நான்கு கட்டளைகளையும் வரிசையாக அடித்திருக்கிறார்.

மறுநாள் காலை என்னிடம் வந்து, “டீச்சர், எல்லாம் போச்சு. டெர்மினலே திறக்க மாட்டேங்குது” என்றார். ஒப்படைப்புக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. கட்டளை அடிக்கும் சாளரமே திறக்காவிட்டால், செய்ததைத் திருத்துவதற்கும் வழி தெரியாது அல்லவா? “நீ எதைப் பார்த்துச் செய்தாய்? காட்டு” என்று அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்தேன்.

முதல் இரண்டு கட்டளைகளில் குற்றமில்லை. ‘டெட்ஸ்நேக்ஸ்’ என்ற மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்ப்பது ஒன்று, அதிலிருந்து 3.12ஐ நிறுவுவது மற்றொன்று. அதோடு நிறுத்தியிருந்தால் பழையதும் புதியதும் ஒரே கணினியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கும். அடுத்த இரண்டு கட்டளைகள்தான் வம்பு. ‘பைத்தான்3’ என்ற பொதுப்பெயர் இனி 3.12ஐக் குறிக்கட்டும் என்று அவை மாற்றிவிட்டன.

இதில் என்ன தவறு? ‘பைத்தான்3’ என்பதை ஒரு பதவிப் பெயராக நினைத்துப் பாருங்கள். ‘வகுப்பாசிரியர்’ என்பது போல. வருகைப் பதிவு, பெற்றோர் கடிதம், சுற்றுலாப் படிவம் எல்லாம் ‘வகுப்பாசிரியர்’ என்ற பெயருக்குத்தான் போகும். புதியவர் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கோப்புகளைப் பழையவரின் அலமாரியிலேயே பூட்டி வைத்தால் என்ன ஆகும்? ஆள் திறமைசாலிதான், ஆனால் வேலை நடக்காது.

உபுண்டுவிலும் அதே கதை. அந்த இயங்குதளத்தின் பல உள்வேலைகள் பைத்தானை நம்பி நடக்கின்றன. 22.04இல் டெர்மினலைத் திறந்து வைக்கும் சிறு நிரலே பைத்தானில் எழுதப்பட்டதுதான். மென்பொருள் மேலாளரான ‘ஆப்ட்’டைச் சுற்றியுள்ள சில கருவிகளும் அப்படியே. அவற்றுக்குத் தேவையான துணைத் தொகுதிகள் சில 3.10க்கென்றே தொகுக்கப்பட்டவை. 3.12ஆல் அவற்றை எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் ‘ஆப்ட்_பிகேஜி’ என்ற தொகுதியைக் காணோம் என்பது போன்ற பிழைச் செய்திகள் வருகின்றன. உள்ளதைக் காணோம் என்று கணினி பொய் சொல்லவில்லை. தேடுபவர் மாறிவிட்டார், அவ்வளவுதான்.

இனி மொழிக்கு வருவோம். அந்த வழிகாட்டியின் தலைப்பில் இருந்த வினை ‘மேம்படுத்துவது’. முதல் பிழை அங்கேயே தொடங்கிவிட்டது. ஒன்றை மேம்படுத்தினால் பழையது போய்ப் புதியது வரும் என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். இங்கே செய்ய வேண்டியதோ பழையதைத் தொடாமல் புதியதைக் கூட வைப்பது. நம் மாணவர்களுக்கு மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருளைக் கற்பிக்கிறோமே, ‘தாயோடு குழந்தை வந்தது’ என்று. இங்கே வேண்டியது அந்தப் பொருள்தான்: 3.10ஓடு 3.12. வழிகாட்டி எழுதியவர் ‘உடன்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘பதிலாக’ என்ற பொருளைக் கொண்டுவந்துவிட்டார். இரண்டுக்கும் இடையே ஒரு சொல்தான் வேறுபாடு. அந்த ஒரு சொல்லுக்கு என் மாணவர் ஒரு மாலைப் பொழுதைக் கொடுத்தார்.

இரண்டாவது குறை, காரணம் சொல்லாமை. ‘இதை அடியுங்கள், பிறகு இதை அடியுங்கள்’ என்று கட்டளைகள் மட்டும் வரிசையாக நின்றன. எந்த வரி எதற்கு என்று எங்கும் இல்லை. கடைசி இரண்டு வரிகளும் விருப்பமிருந்தால் மட்டும் செய்யக்கூடியவை, ஆபத்தானவை என்பதும் இல்லை. எல்லா வரிக்கும் ஒரே குரல். சமையல் குறிப்பில் உப்பும் உயிர்க்கொல்லியும் ஒரே அளவு எழுத்தில் வந்தால் எப்படி இருக்கும்?

நல்ல எடுத்துக்காட்டு இல்லையா என்றால், இருக்கிறது. பைத்தானின் மூலநிரலோடு வரும் ‘ரீட்மீ’ கோப்பில் பல பதிப்புகளை ஒன்றாக நிறுவுவது பற்றி ஒரு சிறு பகுதி உண்டு. முதன்மையாக வைக்க விரும்பும் பதிப்புக்கு ‘மேக் இன்ஸ்டால்’, மற்றவற்றுக்கு ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ என்று அது பிரித்துச் சொல்கிறது. ஆல்ட்இன்ஸ்டாலில் கோப்புப் பெயர்கள் பதிப்பு எண்ணோடு வருவதால் ஒன்றையொன்று மேலெழுதாது என்று காரணமும் தருகிறது. சில வரிகளில் செயல், வேறுபாடு, காரணம் மூன்றும் அமைந்துவிட்டன. குறை என்று சொன்னால், கோப்பகங்களைப் பற்றி முன்பே தெரிந்த வாசகரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. உயர்நிலை மாணவருக்கு அது கொஞ்சம் கரடுமுரடுதான்.

இன்னொன்று என்னை அதிகம் கவர்ந்தது. அது ஒரு பிழைச் செய்தி! 2023இல் வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 முதலியவற்றில், கணினிக்குரிய பைத்தானுக்குள் ‘பிப்’ மூலம் நேரடியாக எதையாவது நிறுவப் போனால் அது மறுத்துவிடும். மறுப்பதோடு நிற்காது. மெய்நிகர் சூழல் ஒன்றை உருவாக்கி அதற்குள் நிறுவிக்கொள் என்று வழியும் காட்டும். இல்லை, நான் செய்தே தீருவேன் என்பவருக்கும் ஒரு கதவு உண்டு. அந்தக் கதவின் பெயரே ‘கணினித் தொகுப்புகளை உடை’ என்ற பொருள்படும். அதைத் தட்டச்சு செய்யும் கை ஒரு நொடி நிற்காதா? பெயர் வைப்பதிலேயே எச்சரிக்கையை அடக்கிவிட்டார்கள். மூன்று பத்தி அறிவுரை செய்யாததை அந்தப் பெயர் செய்கிறது.

மூன்றாவது குறைதான் பெரியது. ‘உங்களுக்குப் புதிய பதிப்பு உண்மையிலேயே வேண்டுமா?’ என்று வழிகாட்டி ஒருமுறையும் கேட்கவில்லை. மாணவரின் நிரலைப் பிறகு நானும் கணிமை ஆசிரியரும் பார்த்தோம். ‘எஃப்-ஸ்ட்ரிங்’ ஒன்றில் வெளியேயும் இரட்டை மேற்கோள், உள்ளேயும் இரட்டை மேற்கோள். பைத்தான் 3.12 அதை ஏற்கும், அதற்கு முந்தைய பதிப்புகள் ஏற்கா. உள்ளே ஒற்றை மேற்கோள் போட்டோம். 3.10லேயே நிரல் ஓடியது! மேற்கோளுக்குள் மேற்கோள் வந்தால் குறியை மாற்று என்று நிறுத்தக்குறிப் பாடத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். மாணவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

கணினி பிழைத்துக்கொண்டது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத்திரை ஒன்று வரும். அங்கிருந்து ‘பைத்தான்3’ என்ற பெயரை மறுபடி 3.10க்கே கொடுத்தோம். 3.12ஐ அழிக்கவில்லை. இப்போது இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன. புதியது வேண்டும்போது ‘பைத்தான்3.12’ என்று எண்ணோடு கூப்பிடுகிறார்.

விமர்சித்தால் மட்டும் போதாது, திருத்தியும் காட்ட வேண்டும் அல்லவா? அந்த வழிகாட்டியின் தொடக்கத்தை நான் இப்படி எழுதுவேன்:

“உங்கள் கணினியில் ஏற்கெனவே ஒரு பைத்தான் இருக்கிறது. அது கணினியின் சொந்த வேலைகளுக்கு உரியது, அதை நீக்கவோ மாற்றவோ வேண்டாம். புதிய பதிப்பை அதன் பக்கத்தில் நிறுவப் போகிறோம். புதியதை எப்போதும் பதிப்பு எண்ணோடு அழையுங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி மெய்நிகர் சூழல் அமைத்துக்கொள்ளுங்கள்.”

ஐந்து வாக்கியம்தான். ஒரு கட்டளைகூட இல்லை. ஆனால் இதைப் படித்தவர், பின்னால் ஒரு தவறான கட்டளை வந்தாலும், ‘இது கணினியின் பைத்தானைத் தொடுகிறதே’ என்று நின்று யோசிப்பார்.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு பயிற்சி சொல்கிறேன். ஏதாவது ஒரு செய்முறைக் குறிப்பை மாணவர்களிடம் கொடுங்கள். கணினிதான் வேண்டும் என்பதில்லை, அரிசிக்குக்கரின் கையேடும் சரிதான். மூன்று கேள்விகள் போதும். இது எனக்குத் தேவையா என்று குறிப்பு கேட்கிறதா? எதைத் தொடக்கூடாது என்று சொல்கிறதா? தவறினால் திரும்பி வரும் வழியைக் காட்டுகிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால், அந்தக் குறிப்பை மாணவர்களே திருத்தி எழுதட்டும். கருத்து விளக்கக் கட்டுரைக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.