அறுபது விநாடி ஆயுள்

இணையதளப் பெயரை ஐபி எண்ணாக்கித் தருவது டிஎன்எஸ். 1983-ல் பால் மொகபெட்ரிஸ் இதை வடிவமைத்தபோதே ஒவ்வொரு பதிலுக்கும் விநாடிக் கணக்கில் ஓர் ஆயுளை வைத்துவிட்டார். அதுதான் டிடிஎல். சர்வர் படுத்துவிட்டால் மாற்று சர்வருக்குத் தானாகத் தாவும் ஏற்பாட்டின் அழகே அந்தச் சின்ன எண்ணில்தான்.

அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53 வழக்கமாக 30 விநாடிக்கு ஒருமுறை சர்வரின் கதவைத் தட்டும். ஒருமுறை பதில் வராததற்கெல்லாம் பதறாது. தொடர்ந்து மூன்று முறை மௌனம் என்றால்தான் மாற்று எண்ணைச் சொல்லும். டிடிஎல் 60 என்றிருந்தால், நமக்காக டிஎன்எஸ்ஸிடம் எண் கேட்டு நினைவில் வைத்திருக்கும் ரிசால்வர்கள் ஒரு நிமிடத்தில் பழைய எண்ணை மறந்து மறுபடி கேட்கும். 86400 என்று விட்டிருந்தால் நாள் முழுக்கச் செத்த முகவரிக்கே ஆளனுப்பும்.

மறதியை இவ்வளவு கணக்காகப் பயன்படுத்திய ஏற்பாடு அபூர்வம். மாற்று சர்வரின் டேட்டாபேஸ் போன வாரத்தியது என்றால் மட்டும் டிஎன்எஸ்ஸைக் குறைசொல்லக் கூடாது.