விழுகிறவனின் எடை

தமிழ் விமர்சனத்தில் ஒரு படைப்பைக் கொல்ல 'போலி' என்ற ஒரு சொல் போதும். அதற்குமேல் விளக்கம் கேட்பவர் இல்லை. அனுபவத்திலிருந்து வந்தது உண்மை, செய்யப்பட்டது போலி என்ற வாய்பாடு நம்மிடையே நெடுங்காலமாகக் கேள்வியின்றிப் புழங்கிவருகிறது. இதைச் சோதிக்க இலக்கியத்துக்கு உள்ளேயே உதாரணம் தேடினால் கட்சி கட்டிக்கொண்டு பேச நேரும். எனவே கொஞ்சம் தள்ளிப்போய், போலி என்று உலகமே ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு தொழிலை எடுத்துக்கொள்கிறேன்: டிக்கெட் விற்று நடத்தப்படும் குஸ்தி. அதில் தாராசிங் என்ற மல்லரின் தொழில்வாழ்க்கை.

உலகம் ஒப்புக்கொண்டது என்றேன். தொழிலே ஒப்புக்கொண்டது. 1989இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில செனட்டிடம், அந்நாட்டின் மிகப் பெரிய குஸ்தி ஸ்தாபனம் தாங்கள் நடத்துவது போட்டி விளையாட்டு அல்ல, கேளிக்கை என்று சொல்லிவிட்டது. சத்தியத்தின்மேல் திடீரென்று பிறந்த பிரியம் இதற்குக் காரணமில்லை. விளையாட்டு என்றால் அரசு ஆணையத்தின் மேற்பார்வை உண்டு, கட்டணம் உண்டு. கேளிக்கை என்றால் அந்தத் தொல்லை குறையும். தலைமுறைகளாகக் கட்டிக்காத்த தொழில் ரகசியம் கடைசியில் வரவுசெலவுக் கணக்கில் வெளியே வந்தது. அதனால் கூட்டம் கலைந்துவிடவில்லை. யார் ஜெயிப்பது என்று முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது என்பது தெரிந்த பிறகும் ஜனங்கள் காசு கொடுத்து வந்தார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். அவர்கள் எதைப் பார்க்க வந்தார்கள் என்று கேட்பதுதான் விமர்சகனின் வேலை.

ரோலான் பார்த் ஒரு பதில் சொல்லியிருக்கிறார். 1957இல் வெளிவந்த அவருடைய 'மிதாலஜீஸ்' நூலின் முதல் கட்டுரையே குஸ்தி பற்றியதுதான். குத்துச்சண்டை ஒரு கதை, அதன் முடிவு நோக்கி நாம் காத்திருக்கிறோம். குஸ்தியில் ஒவ்வொரு கணமும் தன்னளவில் முழுமையானது என்கிறார். வலி, தோல்வி, நியாயம் எல்லாம் அங்கே மிகைப்படுத்தி, கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் புரியும்படி எழுதிக் காட்டப்படுகின்றன. அது நாடகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. எனவே ஏமாற்று என்ற கேள்வியே எழவில்லை. இதுவரை எனக்கு உடன்பாடுதான். ஆனால் பார்த் பார்த்தது மாலைப்பொழுதுகளை. ஐம்பது வயதுப் பருத்த மல்லன் ஒருவனுடைய உடம்பைக் கீழ்மையின் குறியாக அவர் அபாரமாக வாசிக்கிறார். அந்த உடம்பு மறுநாள் எந்த ஊருக்கு ரயிலேறியது, நேற்று எத்தனை முறை தரையில் அறைபட்டது என்ற கேள்வி அவர் சட்டகத்துக்குள் வரவில்லை. குறிக்கு வயதாவதில்லை. மல்லனுக்கு வயதாகிறது. ஒரு இரவை வாசிப்பதும் ஒரு வாழ்க்கையை வாசிப்பதும் வேறு வேறு.

தாராசிங் 1928இல் அமிர்தசரஸ் ஜில்லாவில் தர்மூசக் என்ற கிராமத்தில் பிறந்தார். 1947இல் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போனவர், அங்கே ஒரு டிரம் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே 'கிரேட் வேர்ல்டு' கேளிக்கைப் பூங்காவின் அரங்கில் குஸ்தி பழகினார். மலாயாவில் பட்டம் வாங்கிய பிறகு இந்தியா திரும்பினார். 1954இல் 'ருஸ்தம்-ஏ-ஹிந்த்'. 1959இல் கல்கத்தாவில் ஜார்ஜ் கார்டியங்கோவை வென்று காமன்வெல்த் பட்டம். 1968 மே 29ஆம் தேதி பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம். இந்த உலகப் பட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தெஸ், தன் பேருக்கே காரணமான அமெரிக்கக் கூட்டமைப்பின் உலகப் பட்டத்தை 1966இலேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்திருந்தார். ஆக, பம்பாயில் கைமாறியது எந்த உலகம்? போஸ்டரில் இருந்த உலகம். ஸ்தாபனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாமல் ஊருக்கு ஊர் ஒப்பந்தம் பேசி மோதுகிறவனுக்குப் பட்டம் என்பது சுவரொட்டியில் அடுத்த ஊர்க் கூட்டத்தைக் கூப்பிடுவதற்கான ஒரு வரி.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். 1962இலிருந்து ஹிந்திப் படங்களில் நாயகன். 1983இல் தில்லியில் கடைசிக் குஸ்தி. 1987இல் தூர்தர்ஷன் ராமாயணத்தில் அனுமார். ஹிந்தி தெரியாத தமிழ் வீடுகளும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அனுமாருக்காக உட்கார்ந்திருந்தன. 2003இல் ராஜ்யசபை நியமனம், 2012இல் மரணம். வளையத்தில் வியர்த்த உடம்பு, வளையத்தைவிட்டு வெளியேறிய பிறகும் பல வருஷங்கள் வட்டி ஈட்டிக்கொண்டிருந்தது. நம் பேச்சிலும் அவருக்கு இடமுண்டு. கொஞ்சம் மார்பை நிமிர்த்தி நடக்கிறவனை இன்றும் 'பெரிய தாராசிங்' என்கிறோம்.

வங்கிப் பேரேட்டில் ஒரு வரவு எழுதினால் வேறெங்கோ ஒரு பற்று எழுதியாக வேண்டும். தாராசிங்கின் வரவுகளுக்கெல்லாம் பற்று யார் கணக்கில் விழுந்தது என்று தேடியபோது எனக்குக் கிடைத்த பெயர் கிங்காங்.

எமில் சாயா என்பது அவருடைய சொந்தப் பெயர். 1909இல், அப்போது ஹங்கேரிக்கு உட்பட்டிருந்து இன்று ருமேனியாவில் இருக்கும் பிராஷோவில் பிறந்தவர். விளம்பரங்களில் எடை ஏறத்தாழ 400 ராத்தல். இந்தியா, மலாயா, சிங்கப்பூர், ஜப்பான் என்று அலைந்த சுதந்திர மல்லர். சுதந்திரம் என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை என்று பொருள். தாராசிங்குக்கும் அவருக்கும் நடந்த குஸ்திகள் சென்ற தலைமுறைக்குப் புராணம். புராணத்தில் கிங்காங் மலை. மலையைத் தூக்கி எறிந்தவர் தாராசிங்.

இந்தத் 'தூக்கி எறிதல்' எப்படி நிகழ்கிறது? 400 ராத்தல் மனிதனை அவன் சம்மதமில்லாமல் எவனும் தலைக்குமேல் தூக்க முடியாது. தூக்கப்படுகிறவன் சரியான கணத்தில் தானே எழும்ப வேண்டும். தூக்குகிறவனுடைய தொடையிலோ தோளிலோ கையை ஊன்றித் தன் எடையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மேலே போனதும் உடம்பை விறைப்பாக வைத்துத் தூக்கியவனுடைய சமநிலையைக் காப்பாற்ற வேண்டும். பிறகு விழ வேண்டும். மோவாயை மார்போடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு, முதுகு முழுவதும் ஒரே சமயத்தில் தரையில் பட, இரண்டு கைகளாலும் தளத்தை அறைந்து அதிர்ச்சியைப் பரத்த வேண்டும். தளம் என்பது இரும்புச் சட்டத்தின்மேல் பலகை, பலகைமேல் மெல்லிய மெத்தை, அதன்மேல் கித்தான். அந்தப் பெரிய ஓசை கூட்டத்துக்குத் தாராசிங்கின் பலமாகக் கேட்கிறது. ஓசையை உண்டாக்கியவர் கிங்காங்.

இங்கேதான் 'போலி' என்ற சொல் தடுக்குகிறது. முடிவு முன்பே பேசப்பட்டது, வாஸ்தவம். கோபம் பாவனை, வாஸ்தவம். ஆனால் 400 ராத்தலில் பாவனை இல்லை. பலகையில் பாவனை இல்லை. முப்பது வருஷம் விழுந்த முதுகுத்தண்டில் பாவனை இல்லை. செய்யப்பட்ட ஒன்றுக்குள் செய்ய முடியாத ஒன்று இருந்தே தீரும். கலையின் உண்மை அதில் இருக்கிறது. அதை நான் எடை என்று சொல்கிறேன். ஜெயிக்கிறவனுக்கு எடை இரவல் கிடைக்கிறது. கொடுப்பவன் விழுகிறவன்.

1955இல் டோக்கியோவில் ஆசிய ஹெவிவெயிட் பட்டத்துக்காக ரிகிடோஸானிடம் தோற்றவரும் இதே கிங்காங்தான். போரில் தோற்று, அந்நியப் படையின் ஆட்சியில் கூனிப்போயிருந்த ஜப்பான், பருத்த வெள்ளைக்காரர்களை ரிகிடோஸான் வீழ்த்துவதைப் பார்த்து நிமிர்ந்தது. அந்த ரிகிடோஸான் கொரியாவில் பிறந்தவர். ஜப்பானில் அதை மறைத்து வாழ்ந்தவர். இங்கே, புதிதாகச் சுதந்திரம் பெற்ற இந்தியா தாராசிங்கைப் பார்த்து நிமிர்ந்தது. இரண்டு தேசங்களின் சுயமரியாதை ஒரே உடம்பின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டது. தேசங்கள் மாறின, ஜெயித்தவர்கள் மாறினார்கள். மாறாமல் இருந்தது விழுந்தவருடைய உடம்பு.

நம் கவிதை மரபும் இந்தக் காட்சியை அறியும். புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஒரு குஸ்தியைப் பாடுகிறார். சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி, ஆமூரில் ஒரு மல்லனைச் சாய்க்கிறான். ஒரு கால் எங்கே அழுந்தியது, மற்றொரு கால் எதைத் தடுத்தது என்று பிடியை அவ்வளவு துல்லியமாகப் பார்த்த கண் அது. மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, தகப்பன் தித்தன் இதைப் பார்க்கமாட்டானா என்ற ஏக்கமும் அதில் உண்டு. மகத்தான கவிதை. ஆனால் கீழே கிடப்பவனுக்குப் பெயர் இல்லை. அவன் வெறும் ஆமூர் மல்லன். பிடியைப் பார்த்த கண், பிடிபட்டவனைப் பார்க்கவில்லை.

பார்த்தது நம் கூத்து. ஏனாத்தூரைச் சுற்றிய கிராமங்களிலும் உத்திரமேரூர்ப் பக்கத்திலும் திரௌபதியம்மன் கோவில் பாரதத்தில் கடைசியாக வருவது துரியோதனன் படுகளம். மண்ணில் படுக்கவைத்துச் செய்த பிரும்மாண்டமான துரியோதனன்; அவன் உடம்பின்மேல் பீமவேஷக்காரரும் துரியோதனவேஷக்காரரும் ஓடுகிறார்கள்; கடைசியில் தொடையில் அடி. யார் விழப்போகிறார் என்பது கைக்குழந்தைகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அந்தத் துரியோதன வேஷத்தைச் சோதா நடிகரிடம் யாரும் கொடுப்பதில்லை. கட்டை வேஷம் தாங்குகிற உடம்பு, வெயிலில் கிழியாத குரல், ஆட்டத்தில் அனுபவம் எல்லாம் அவருக்கு வேண்டும். விழுகிறவன் பெரியவனாக இல்லாவிட்டால் பாஞ்சாலி கூந்தல் முடிப்பதற்கு அர்த்தமில்லை என்பது கூத்து வாத்தியாருக்குத் தெரிந்திருக்கிறது. சினிமாவில் இதே கணக்கை நம்பியாரும் அறிந்திருந்தார். எம்.ஜி.ஆர். 1977இல் கோட்டைக்குப் போனார். அந்த வழியில் எத்தனை படி நம்பியாருடைய தோல்விகளால் கட்டியது என்று யாரும் எண்ணிப்பார்த்ததில்லை.

இனி என் வாதத்தைக் கவிதைக்குக் கொண்டுவருகிறேன்.

நம் சிறுபத்திரிகைகளில் வருகிற கவிதைகளில் ஒரு 'நான்' இருக்கிறான். நகரம், அலுவலகம், குடும்பம், சமூகம் என்று யாரோடாவது மோதுகிறான். பெரும்பாலும் தோற்றுப்போனதாகச் சொல்லிக்கொள்கிறான். ஆனால் கவிதையின் கடைசி வரியில் பாருங்கள், ஜெயித்திருப்பான். எதிரே நின்ற குமாஸ்தாவுக்கும் மாமனாருக்கும் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கும். எதிராளிக்கு ஒரு நியாயம், ஒரு மூச்சு, ஒரு வயது கிடையாது. வைக்கோல் பொம்மையைத் தூக்கி எறிந்துவிட்டுத் தோளைத் தட்டிக்கொள்கிற குஸ்தி அது. இதைப் 'போலி' என்று சொல்லமாட்டேன்; எழுதியவருடைய வேதனை உண்மையானதாகவே இருக்கலாம். கவிதையில் விழுவதற்கு ஒரு உடம்பு இல்லை, அதனால் ஓசையும் இல்லை. அனுபவம் நேர்மையானதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் விமர்சனம் இந்தக் குறையைக் கண்டுபிடிக்கவே முடியாது. எதிராளியின் எடை என்ன என்று கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

தோல்வியைப் புனிதப்படுத்துவதாக ஒரு நண்பர் இதை ஆட்சேபிக்கிறார். இல்லை. கிங்காங் தியாகி அல்ல. காசு வாங்கிக்கொண்டு விழுந்த தொழிலாளி. பல ஊர்களில் ஜெயித்தும் இருக்கிறார். நான் சொல்வது கைத்திறனைப் பற்றி. ஜெயிப்பதுபோல் காட்டுவது எளிது, கையை உயர்த்தினால் போதும். நம்பும்படி விழுவதற்குத்தான் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சி நம் கவிதையில் குறைவு என்பது என் கட்சி.

1962இல் தாராசிங் நாயகனாக நடித்து வெளிவந்த ஹிந்திப் படத்தின் பெயர் 'கிங்காங்'. ஜெயித்தவர் கடைசியில் பெயரையும் எடுத்துக்கொண்டார். எமில் சாயா 1970இல், அறுபதை ஒட்டிய வயதில், சாலை விபத்தில் பட்ட காயங்களால் சிங்கப்பூரில் இறந்தார். இன்று தமிழில் கிங்காங் என்றால் அமெரிக்க சினிமாவின் குரங்கு நினைவுக்கு வரும். அல்லது குள்ளமான ஒரு நகைச்சுவை நடிகர் வருவார். 400 ராத்தல் மனிதர் வருவதில்லை. அவரைத் தேடிப்பிடித்து எடைபோடுவது விமர்சனத்தின் வேலை என்று நினைக்கிறேன். ஜெயித்தவர்களின் எடையைப் போஸ்டர்கள் பார்த்துக்கொள்ளும்.