யாருக்கு எழுதின தாள் இது? – ஒரு சொட்டு மருந்து டப்பாவைப் பற்றிய விமர்சனம்

எந்தப் பொருள் வாங்கினாலும் கூட வர்ற தாளை முழுசாப் படிக்கிறது என் பழக்கம். மிக்சி, இன்வெர்ட்டர், எது வந்தாலும் சரி. என் வேலை அப்படி. இருபது வருஷமா மென்பொருள் எழுதுறேன். பயன்படுத்துறவர் தப்பு பண்ணினா முதல்ல நம்ம திரையைத்தான் சந்தேகப்படணும் என்பது அதில் கற்ற முதல் பாடம். புத்தக விமர்சனம் எழுதும் இந்த வலைப்பதிவில் இன்றைக்கு ஒரு மருந்துத் தாளை எடுத்துக்கொள்கிறேன். சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் வேறு எந்த எழுத்துக்கும் இவ்வளவு விலை கொடுத்ததில்லை.

கிளாக்கோமாவுக்கான சொட்டு மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் அது. மருந்து, லாட்டனோப்ரோஸ்ட். போட்டுக்கொள்பவர் காரைக்குடியில் இருக்கும் என் அப்பச்சி. வயது 74.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் முன்னாடி அப்பச்சி இரண்டாங்கட்டு நிலைப்படியில் தடுக்கி விழுந்தார். பிறந்ததிலிருந்து தாண்டின நிலைப்படி. "வயசாச்சுல்ல" என்றார் ஆத்தா. எல்லாரும் அதையே நம்பினோம். அப்புறம் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் பிரஷர் பார்த்து, ஃபீல்ட் டெஸ்ட் எடுத்து, இரண்டு கண்ணிலும் கிளாக்கோமா என்றார்கள். இரவு ஒரு சொட்டு லாட்டனோப்ரோஸ்ட், காலை மாலை டிமோலால். சீட்டில் எழுதிக் கொடுத்தாச்சு, வாங்கியாச்சு. நான் பெங்களூருக்குப் பஸ் ஏறினேன்.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனப்பதான் தெரிந்தது, ஐந்து மாசமா மருந்து போடவில்லை. கேட்டதற்கு அவர் சொன்னது: "ரெண்டு பாட்டில் ஊத்திப் பாத்தேன் தம்பி. கண்ணு ஒண்ணும் தெளியல. எரிச்சல்தான் மிச்சம். எதுக்கு வீணா காசு?" மறுபடி டெஸ்ட் எடுத்தால், இடது கண்ணின் படத்தில் கறுப்புத் திட்டு முன்பைவிடப் பெரிசு. போனது போனதுதான், திரும்ப வராது.

நான் கோபப்பட்டேன். படித்த மனுஷர், இப்படியா பண்ணுவது என்று கத்தினேன். அன்று ராத்திரிதான் அந்தத் தாளை விரித்துப் படித்தேன்.

இரண்டு பக்கமும் ஆங்கிலம். எழுத்து எறும்பு மாதிரி. கண்ணாடி போட்ட நானே செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படித்தேன். மூலக்கூறின் அமைப்பு, விலங்குகளில் நடத்திய சோதனை, உடம்பில் மருந்து எவ்வளவு நேரம் தங்கும், எல்லாம் இருந்தது. தலைப்பில் ஒரு வரி: பதிவுபெற்ற மருத்துவர், மருத்துவமனை அல்லது ஆய்வகத்தின் உபயோகத்துக்கு மட்டும். நம்ம ஊர் மருந்துத் தாள் பலவற்றிலும் இந்த வரியைப் பார்க்கலாம். ஆக, இந்தத் தாள் ஆரம்பத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிடுகிறது, 'நான் உனக்கு எழுதப்பட்டவன் இல்லை' என்று. ஆனால் அது போய்ச் சேரும் இடம் நோயாளியின் கை. மருத்துவர் டப்பாவைப் பிரிப்பதே இல்லையே!

சரி, தாளில் என்ன இருந்திருக்க வேண்டும்? என் வாதம் ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

கிளாக்கோமாவில் பெரும்பாலும் கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் பார்வை நரம்பைச் சிறுகச் சிறுக அழிக்கிறது. அழுத்தம் 'நார்மல்' என்று வருபவர்களுக்கும் இது வரலாம். வழக்கமான வகையில் வலி இருக்காது. ஓரப்பார்வைதான் முதலில் போகும். நடுவில் தெளிவாகத் தெரிவதால் ஆளுக்குச் சந்தேகமே வராது. செத்த நரம்பை உயிர்ப்பிக்க இன்றைக்கு வழியில்லை. சொட்டு மருந்து செய்வது ஒன்றுதான்: அழுத்தத்தைக் குறைத்து, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றுவது. அதனால் அந்த வாக்கியம் இப்படி இருந்திருக்க வேண்டும்: "இந்த மருந்தால் பார்வை தெளியாது, இருக்கிற பார்வை போகாமல் இருக்கத்தான் இது, வித்தியாசம் தெரியவில்லை என்று நிறுத்தாதீர்கள்."

தாள் முழுக்கத் தேடினேன். அழுத்தம் குறையும் என்று பல இடத்தில் இருக்கிறது. இந்த வாக்கியம் மட்டும் இல்லை.

நம்ம பக்கத்தில் இது ஏன் இன்னும் முக்கியம் என்றால், கண் வைத்தியம் என்றால் நமக்கு மனசில் இருக்கும் கதை வேறு. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய பிறகு, தென் மாவட்டங்களில் புரை ஆபரேஷன் முகாம் தெரியாத ஊரே கிடையாது. கட்டுப் பிரித்த மறுநாளே பேரன் முகம் தெரியும். கைமேல் பலன். மிகப் பெரிய சாதனை அது, சந்தேகமில்லை. ஆனால் அந்த வெற்றியே ஒரு எதிர்பார்ப்பையும் விதைத்துவிட்டது: கண்ணுக்கு வைத்தியம் பண்ணினால் கண் தெளியணும். அப்பச்சி அந்த அளவுகோலை வைத்துத்தான் சொட்டு மருந்தை அளந்தார். அவர் தர்க்கத்தில் பிழையே இல்லை. அவருக்குக் கொடுத்த தகவலில்தான் ஓட்டை.

மருந்து உண்மையிலேயே வேலை செய்யுதா என்று கேட்பவர்களுக்கு: பிரிட்டனில் 516 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழுவுக்கு லாட்டனோப்ரோஸ்ட், இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத வெறும் சொட்டு. இரண்டு வருஷத்தில் பார்வைப் பரப்பு மேலும் குறைந்தவர்கள், வெறும் சொட்டுக் குழுவில் 25.6 சதவீதம், மருந்துக் குழுவில் 15.2 சதவீதம். இந்த வித்தியாசத்தை எந்தத் தனி ஆளாலும் கண்ணாடி முன் நின்று உணர முடியாது. போகாத பார்வையை எப்படி உணர்வது?

அடுத்தது, போடும் விதம். மறுநாள் காலை, "அப்பச்சி, எப்படி ஊத்துவீங்கன்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றேன். ஈசிசேரில் சாய்ந்தார். முதல் சொட்டு கன்னத்தில். இரண்டாவது இமையில். மூன்றாவதில் பாட்டில் முனை கண்ணிலேயே பட்டது, அதோடு இரண்டு சொட்டு சேர்ந்து விழுந்தது. உடனே கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் துண்டால் துடைத்தார். அடுத்த பாட்டிலையும் கையோடு எடுத்து ஊற்றிவிட்டார்.

இவர் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். தில்லி எய்ம்ஸில் கிளாக்கோமா நோயாளிகளைச் சொட்டுப் போடச் சொல்லிப் பார்த்து 2012இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்குச் சரியாகப் போடத் தெரியவில்லை. பத்தில் ஒன்பது பேர் ஒரு பட்டனைத் தப்பா அழுத்தினால் அந்த மென்பொருளை நாங்கள் வெளியிடவே மாட்டோம்.

பாட்டிலின் வடிவத்திலேயே கோளாறு உண்டு. ஒரு சொட்டு பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரோலிட்டர் வருகிறது. இமைக்குள் நிற்கக்கூடியது அதிகபட்சம் சுமார் 30தான். மிச்சம் கன்னத்தில் வழியும், அல்லது கண்ணின் மூக்கோர ஓட்டை வழியாக மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலக்கும். டிமோலால் அப்படிக் கலந்தால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறல் வரலாம், நாடித் துடிப்பு குறையலாம். எங்கள் ஊரில் 'கண்ணுல ஊத்துறதுதானே' என்று வீசிங் இருப்பதை டாக்டரிடம் சொல்லாமல் விடுபவர்கள் எத்தனை பேர்! இந்த எச்சரிக்கை தாளில் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். எறும்பு எழுத்தில், நாலாவது பத்தியில்.

இதைவிடக் காரைக்குடிக்கே உரிய சிக்கல் ஒன்று. வழக்கமான லாட்டனோப்ரோஸ்ட் பாட்டிலைத் திறக்கும்வரை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும். திறந்த பிறகு 25 டிகிரிக்குள் வைத்து, 4 முதல் 6 வாரத்தில் தூக்கிப் போடணும். சித்திரையில் எங்கள் வளவில் 25 டிகிரியா? அப்பச்சி பாட்டிலை வைத்திருந்தது சாமி அறை மாடத்தில், விளக்குப் பக்கத்தில். மறக்காமல் இருக்கத்தான் அங்கே வைத்தாராம். குளிர்ச்சி தேவைப்படாத வகையும் இந்தியாவில் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மூடி நிறம் இன்னொன்று. அமெரிக்காவில் கண் மருந்துகளுக்கு வகைக்கு ஒரு நிற மூடி: டிமோலால் வகைக்கு மஞ்சள், லாட்டனோப்ரோஸ்ட் வகைக்கு நீலப்பச்சை. படிக்க முடியாதவரும் அடையாளம் கண்டுகொள்ளலாம். எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு பாட்டிலுக்கும் வெள்ளை மூடி. பார்வை போகும் நோய்க்கு, உற்றுப் படித்தால் மட்டுமே வித்தியாசம் தெரியும் பாட்டில்!

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடணும். இந்தத் தாள் சட்டத்துக்காகவும் மருத்துவருக்காகவும் எழுதப்படுவது, நோயாளிக்கு விளக்குவது மருத்துவமனையின் வேலை என்பார்கள். நியாயம்தான். அரவிந்த் போன்ற இடங்களில் ஆலோசகர்கள் என்றே தனியாக ஆள் வைத்து உட்காரவைத்துப் பேசுகிறார்கள். ஆனால் பேச்சு அன்றோடு போய்விடும். 74 வயசில் ஆஸ்பத்திரிப் பதற்றத்தில் கேட்டது ஐந்து மாசம் நினைவில் நிற்குமா? வீட்டில் மருந்தோடு கூடவே இருக்கப்போவது தாள்தான். அது ஏன் ஊமையாக இருக்கணும்?

சொட்டே வேண்டாம், லேசர் இருக்கிறதே என்றும் கேட்கலாம். சரிதான். 2019இல் வெளியான இன்னொரு பிரிட்டன் ஆய்வில், முதலிலேயே லேசர் செய்துகொண்டவர்களில் நாலில் மூன்று பேருக்குச் சொட்டு இல்லாமலே மூன்று வருஷம் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது. புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் டாக்டரிடம் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி இது. ஆனால் எல்லாருக்கும் பொருந்தாது. செய்தவர்களும் தொடர்ந்து செக்கப் போகணும்.

கடைசியாக ஒரு கணக்கு. அரவிந்த் குழுவினர் தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 40 வயது தாண்டிய 5,150 பேரைப் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், பரவலாகக் காணப்படும் கிளாக்கோமா வகை இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அது இருப்பதே அதற்கு முன் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. நூற்றுக்கு ஏழு பேர்தான் மருந்துப் பாட்டில் வரை வந்து சேர்ந்திருக்க முடியும். அந்த ஏழு பேரையும் ஒரு புரியாத தாளைக் கையில் கொடுத்து நாம் தொலைக்கிறோம். அப்புறம் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று கோப்பில் எழுதிவிடுகிறோம். நானும் அன்று ராத்திரி அதையேதான் கத்தினேன், வேறு வார்த்தையில்.

இப்போது எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் நான் எழுதி, அவரைப் பார்க்கும் டாக்டரிடம் காட்டித் திருத்தி வாங்கிய ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தமிழில், கட்டை விரல் அளவு எழுத்தில்:

இது பார்வையைத் தெளிய வைக்காது. இருப்பதைக் காக்கும். நிறுத்தாதே.
ஒரு சொட்டு போதும். முனை கண்ணில் படக்கூடாது.
போட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை விரலால் இரண்டு நிமிஷம் அழுத்து.
அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிஷம் பொறு.
பாட்டில் திறந்த தேதியை அதன் மேலேயே எழுது.

மஞ்சள் நூல் சுற்றியது பகல் பாட்டில், நூல் இல்லாதது ராத்திரி பாட்டில். அப்பச்சி படித்துப் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனா தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கடந்த இரண்டு டெஸ்டிலும் திட்டு பெரிதாகவில்லை.

பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ கிளாக்கோமா இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். நானும் போய்ப் பார்த்துக்கொண்டேன். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருஷத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். நான் மருத்துவன் இல்லை, மருந்தை மாற்றுவது நிறுத்துவது எல்லாம் உங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான். ஆனால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, "மருந்து போடுறீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.